மூன்று கன்ட்ரோலரும் இரண்டு மீசையும்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே கடையிலிருந்து போன் வந்தது. இப்போது என் பெஞ்சில் உட்காரும் அஜிதாதான். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

“அக்கா, பேட்டரி, மோட்டாரு, கன்ட்ரோலரு மூணும் ஒரே கம்பெனியாக்கும். ஒரே பெட்டியில செட்டா வந்தது. போன்ல பாத்தா செட்டிங்கும் சரியா இருக்கு. பின்ன எதுக்கு வண்டி இப்பிடிச் சுடுது?”

“வண்டி எங்க ஓடுது?”

“அது கேக்கல்லியே அக்கா.”

“கேட்டுட்டுக் கூப்பிடு.”

கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். மழைக்குப் பிறகு முழங்கால் உயரம் வளர்ந்து நின்ற புல்லுக்குள் அந்த ரிமோட் காரின் சொந்தக்காரர் அதை ஓட்டியிருக்கிறார். பந்தயத்துக்கென்று செய்த வண்டியைப் புல் வெட்டும் மிஷின் ஆக்கியிருக்கிறார். இருவரும் சிரித்து முடித்தபின் அஜிதா சொன்னாள்: “இதையெல்லாம் எழுதுங்க அக்கா. பெட்டியில வாற பேப்பர்ல இது ஒண்ணும் இல்ல.” சொன்னதோடு விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். அவள் தொல்லை தாங்காமல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. பாறசாலைக்காரி. நெய்யாற்றின்கரையில் ஒரு பொம்மைக் கடையின் பின்பாதியில் உட்கார்ந்து, பேட்டரியில் ஓடும் ரிமோட் கார்களைப் பழுதுபார்ப்பதும், கேட்பவர்களின் தேவைக்கேற்ப அவற்றைப் பூட்டிக் கொடுப்பதும்தான் என் வேலையாக இருந்தது. பொம்மைக் கார்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. முழங்கை நீளமுள்ள அந்தக் கார் நேர்ப்பாதையில் கிளம்பினால் டவுன் பஸ் பின்னால்தான் வரும். அதன் குறுக்கே கால் வைத்து நொண்டிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படித்தது ஐ.டி.ஐ. எலெக்ட்ரானிக்ஸ். சில வருடம் டி.வி. ரிப்பேர் செய்தேன். டி.வி.கள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மெலிந்து, பழுதானால் தூக்கிப் போடும் சாமானாக மாறியபோது, வேறு வேலை தேடி இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்க சால்டரிங், கனெக்டர், பல்சக்கரம் என்றே போயிற்று. அதைச் சொல்லி உங்களைத் தூங்க வைக்க விரும்பவில்லை.

கடை முதலாளி சுகுமாரன் சார். வளைகுடாவில் இதே மாதிரி ஒரு கடையில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அதிகம் பேசமாட்டார். ஒரு வேலை பிடித்திருந்தால் “மதி” என்பார். போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. பிடிக்காவிட்டால் அதையும் சொல்லமாட்டார். வண்டியை எடுத்து மறுபடி நம் முன்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் எங்கே தப்பு என்று நாமே கண்டுபிடித்துவிட வேண்டும். யாராவது கடைக்குள் வந்து, “மெக்கானிக் எங்க?” என்று என் தலைக்கு மேலே தேடினால், சார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், “நீங்க நோக்கிட்டு நிக்கிற ஆளுதான்” என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று எனக்குத் தோன்றும்.

அவர் சொல்லித் தந்த முதல் பாடம் விருந்துக் கணக்கு. எங்கள் சர்ச் சபையில் வருடத்துக்கு ஒருமுறை அசனம் என்ற விருந்து நடக்கும். ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். “ஸ்டெல்லா, அசனத்துல ஓடி ஓடி விளம்புறவனப் பாத்திருக்கியா? அவனாக்கும் ஸ்பீடு கன்ட்ரோலர்” என்றார். விளம்புவது என்றால் பரிமாறுவது. பந்தியில் இருப்பவன் மோட்டார். சமையல்கட்டு பேட்டரி. பேட்டரியிலிருந்து கரண்டை வாங்கி, ரிமோட்டில் நாம் சொல்லும் அளவுக்கு மோட்டாருக்கு விளம்புவது கன்ட்ரோலர். சாப்பிடுகிறவன் பெருந்தீனிக்காரன் என்றால் விளம்புகிறவன் முதுகு ஒடியும், அதாவது கன்ட்ரோலர் கருகும். சமையல்கட்டில் சோறு போதாவிட்டால் பேட்டரி வீங்கும். ஆகவே மோட்டார் கேட்பதைவிடக் கன்ட்ரோலர் ஒரு படி கூடுதலாகத் தாங்க வேண்டும். கன்ட்ரோலர் கொண்டுபோவதைவிடப் பேட்டரி ஒரு படி கூடுதலாகத் தர வேண்டும்.

பேட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் ஆம்பியரில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பதும் சாரின் கட்டளை. “மீதிப் பாதி, பிரிண்ட் அடிச்சவனுக்க ஆசை” என்பார்.

மோட்டார் எவ்வளவு கேட்கும் என்பது மோட்டாரை மட்டும் பொறுத்ததல்ல. அதன் அச்சில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இருக்கும். அதில் பல் கூடினால் வண்டியின் வேகம் கூடும், மோட்டாரின் பசியும் கூடும். பல் குறைந்தால் வேகம் கொஞ்சம் குறையும், வண்டி குளிர்ந்து ஓடும். எங்கள் தொழிலில் பாதி அறிவு இந்தப் பல்லை எண்ணுவதில் இருக்கிறது.

பேட்டரி என்றதும் டிபன் பாக்ஸ் ஞாபகம் வருகிறது. லித்தியம் பேட்டரிகள் புதிதாக வந்த காலம். பழைய பேட்டரியின் சார்ஜரிலேயே புதியதையும் போட்டு, அது பூரி மாதிரி உப்பிவிட, காரக்கோணத்திலிருந்து ஒருவர் அதை ஸ்டீல் டிபன் பாக்ஸுக்குள் வைத்து, மூடியை இறுக்கி, பஸ்ஸில் வந்து இறங்கினார். சார் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். உடனே வாசலுக்குப் போய், அங்கே இருந்த மணல் வாளிக்குள் பேட்டரியைப் புதைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “இத பஸ்ல எங்க வச்சிருந்திய?”

“மடியில.”

“சீட்டு கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“நின்னுட்டே வந்திருக்கலாம். இத மடியில வைக்காண்டாம். இன்னும் பிள்ளை குட்டி வேண்டியது இல்லியா?”

அந்த மனிதர் அப்போதுதான் மடியைக் கையால் மறைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவருக்கு மூன்று குழந்தைகள் பிறந்தன. கிறிஸ்துமஸ் தோறும் கடைக்கு கேக் கொண்டுவருவார்.

எங்கள் கடையில் சார் வைத்த ஒரு சட்டம் இருந்தது. சர்வீஸுக்கு வரும் வண்டி சக்கரத்தோடு உள்ளே வரக்கூடாது. வீட்டிலேயே நான்கு சக்கரத்தையும் கழற்றி வைத்துவிட்டு உடம்பை மட்டும் கொண்டுவர வேண்டும். ஒரு காரணம் சகதி. இந்தப் பக்கத்துச் செம்மண் ஒரு தடவை பெஞ்சில் ஏறினால் இறங்காது. இன்னொரு காரணம் அளவு. ஒவ்வொரு அளவு வண்டிக்கும் கடையில் ஒரு செட் சக்கரம் உண்டு. ஒரே அளவு வண்டிகளுக்கெல்லாம் ஒரே சக்கரத்தை மாட்டி, மொட்டைமாடியில் ஓட்டி, பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே வாட் மீட்டரைச் செருகி, எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்ப்போம். சக்கரம் ஒன்றாக இருந்தால்தான் ஒரு வண்டியையும் இன்னொரு வண்டியையும் ஒப்பிட முடியும். கடைசியில் மோட்டார் மேலும் கன்ட்ரோலர் மேலும் விரலை வைப்போம். பதறாமல் விரலை வைத்திருக்க முடிந்தால் வண்டி தேறிவிட்டது. இதில் ஒரு குறையும் யாரும் சொல்ல முடியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஐசக் அண்ணன் வரும்வரை.

ஐசக் அண்ணனுக்கு வெள்ளறடையில் கொஞ்சம் ரப்பர் விளை, தோட்டம்தான். தானே மரத்தில் பட்டை சீவி, தானே பாலெடுத்து, தானே ஷீட் அடிப்பவர். முகத்தில் பாதி மீசை. அதை முறுக்கிவிடாமல் அவரால் ஒரு வாக்கியத்தையும் முடிக்க முடியாது. அவருடைய மனைவி லீலா அக்காவின் தம்பி கிறிஸ்துதாஸ், பாறசாலை ரோட்டில் டயர்க்கடை வைத்திருப்பவர். அவருக்கும் மீசை குறைவில்லை. அத்தானும் மச்சினனும் ரிமோட் கார் பைத்தியங்கள். வெள்ளறடையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு பிடுங்கின விளையை இடித்துச் சமமாக்கி, வண்டிக்காரர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு பந்தயம் வைப்பார்கள். அதில் எப்போதும் ஜெயிப்பது கிறிஸ்துதாஸ்.

அந்த வருடம் ஐசக் அண்ணனின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நிச்சய விருந்தில் பாயசம் குடிக்கும்போது கிறிஸ்துதாஸ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “அத்தான், நீங்க பால் எடுங்க. டயரும் வண்டியும் எனக்கு விட்டிருங்க” என்றிருக்கிறார். ஐசக் அண்ணனுக்குக் கோபம் ஏறிவிட்டது. பேச்சு வளர்ந்து பந்தயமாயிற்று. தோற்கிறவர் அந்த மைதானத்திலேயே மீசையை எடுத்துவிட வேண்டும். ஓட்டம் சனிக்கிழமை. கல்யாணம் அடுத்த வியாழக்கிழமை. லீலா அக்காவுக்கு இந்த ஒப்பந்தத்தை இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஐசக் அண்ணன் ஓணத்துக்கு எங்களிடம் வந்து புது வண்டி ஒன்றைப் பூட்டச் சொன்னார். விருந்துக் கணக்குப்படி எல்லாம் பார்த்துப் பூட்டிக் கொடுத்தேன். சில வாரத்தில் கன்ட்ரோலர் கருகிப் போயிற்று. தண்ணீர் புகுந்திருக்குமோ என்று பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஈரம் இல்லை. சால்டரிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். மோட்டாரின் மூன்று வயரையும் அளந்தேன், சரியாக இருந்தது. பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். போனதைவிடப் பெரிய கன்ட்ரோலர் ஒன்றைப் போட்டு, கடைச் சக்கரத்தை மாட்டி, மாடியில் கரண்ட் பார்த்தால் அது தாங்கும் அளவில் பாதிகூட ஏறவில்லை. விரல் வைத்தால் இதமான சூடு. மனசுக்குள் நானே எனக்கு ‘மதி’ சொல்லிக்கொண்டு கொடுத்தனுப்பினேன்.

பந்தயத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, கடை நிறைய ஆள் இருந்த ஒரு சாயங்காலம் அவர் வந்தார். வண்டியின் உடம்பை என் முன்னால் வைத்தார்.

“பிள்ளே ஸ்டெல்லா, இதுவும் போச்சு. மூக்க வச்சுப் பாரு. கருவாட்டுக் கடை தோத்துப் போவும்.”

“எப்ப அண்ணே நின்னுது?”

“நாலு சுத்து பறந்துது. அஞ்சாமத்த சுத்துல பொகை. மச்சினன் கை தட்டிச் சிரிச்சான்.” குரல் தாழ்ந்தது. “அவன் சிரிச்சிட்டுப் போட்டும் மக்கா. வியாழக்கிழமை எனக்க மகள் கையப் பிடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போவணும். மீசை இல்லாம போனா, இது பொண்ணுக்க அப்பனா, பந்தல்காரனாண்ணு கேப்பானுவ.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, கருகின கன்ட்ரோலரைக் கையிலெடுத்து மோந்து பார்த்தார். உள்ளே போய்ப் புதிது ஒன்றைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்.

“இது மூணாவது. இதும் கருகிச்சுண்ணா இந்தக் கடையில இனி சர்வீஸ் வேண்டாம். விற்பனை மதி” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “காரணம் தெரியாம சாமானம் மாத்திக் கொடுக்கதுக்குப் பேரு சர்வீஸ் இல்ல ஸ்டெல்லா.”

சார் கோபத்தில் சொல்லும் ஆள் இல்லை. சொன்னால் செய்வார். எனக்கு வேலை போகாது. ஆனால் பெஞ்சை மூடிவிட்டால் நான் கடையின் முன்பாதிக்குப் போய், படுக்கவைத்தால் கண்ணை மூடும் பொம்மைகளைப் படுக்க வைத்தும் நிமிர்த்தியும் காட்டி விற்க வேண்டும். அந்த மேஜை, அந்த விளக்கு, அந்த ஸ்க்ரூ டிரைவர்கள் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அன்று வீட்டுக்குப் போய் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று தெரியாமலே சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே வெள்ளறடை பஸ் ஏறினேன். புதிய கன்ட்ரோலர் போட்ட வண்டி ஒரு பையில். கடைச் சக்கரங்களும் வாட் மீட்டரும் பினியன் டப்பாவும் இன்னொரு பையில். வீட்டுக்குப் போய் வேலை பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் வண்டி மாடியில் சாகவில்லை, வெள்ளறடையில்தான் சாகிறது என்றால் வெள்ளறடையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் என்ன செய்வது?

ஐசக் அண்ணன் வீட்டில் கல்யாணப் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். லீலா அக்கா என்னை விடவில்லை. மரச்சீனியும் மீன் கறியும் வைத்து, தின்றுவிட்டுத்தான் வண்டியைத் தொட வேண்டும் என்றார். தின்றேன். அதற்குப் பிறகு, “அண்ணே, உங்க சக்கரத்தக் கொண்டாங்க. உங்க முற்றத்துலயே ஓட்டிப் பாப்போம்” என்றேன்.

“சக்கரம் காயுதே.”

“கழுவினியளா?”

“கழுவவா? நல்லா இருக்கு! இஞ்ச வா.”

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். மூங்கில் கம்பில் ரப்பர் ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஷீட்டுகளுக்கு நடுவில், கயிற்றில் கோத்து, நான்கு சக்கரங்களும் தொங்கின. மேலே பூசின பால் முழுதாகக் காயாமல் இன்னும் வெள்ளையாக இருந்தது.

“அண்ணே, இது என்னது?”

“எனக்க ரப்பராக்கும்!” நெஞ்சை நிமிர்த்தி மீசையை முறுக்கினார். “டயரப் பத்தி அவன் எனக்குச் சொல்லித் தாறானாம். அவனுக்க கடை டயரு எங்கேருந்து வருது? இந்த மரத்துல இருந்து. டிஷ்ல பால ஊத்தி, ஆசிட்டு ஒரு சொட்டு விட்டு, சக்கரத்த உருட்டி எடுத்து, ஷீட்டுக்கூட பொகையில காட்டி எடுப்பேன். ஒவ்வொரு தடவ ஓட்டிட்டு வந்தாலும் ஒரு பூச்சு.”

“ஓணத்துல இருந்தா?”

“ஓணத்துல இருந்து.”

பையிலிருந்து கடைச் சக்கரம் ஒன்றை எடுத்து அவருடைய சக்கரத்தின் பக்கத்தில் வைத்தேன். ஒரே அளவாக இருக்க வேண்டியவை. அவருடையது சுண்டுவிரல் பருமன் உயர்ந்து நின்றது. கையில் தூக்கினால் கனம் வேறு. விரலால் தொட்டால் விட மாட்டேன் என்று ஒட்டியது. நான் ஷீட் அடிக்கும் மிஷினின் மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

சக்கரம் பெரிதானால் பினியனில் பல் கூட்டின மாதிரிதான். மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் வண்டி முன்பைவிட அதிக தூரம் போகும், அதற்குத் தக்க மோட்டாரும் அதிகம் கேட்கும். போதாததற்கு கனம். அதற்கும் மேல் பிடிமானம். சாதாரண டயர் என்றால் வேகமாகக் கிளப்பும்போது மண்ணில் கொஞ்சம் வழுக்கும், மோட்டாருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். இந்த ரப்பர் வழுக்கவே வழுக்காது. எல்லாப் பாரமும் விளம்புகிறவன் முதுகில். எங்கள் மாடியில் மெலிந்த சக்கரத்தோடு ஓடி, சான்றிதழ் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் அந்த வண்டி இந்தப் பூதத்தை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது.

“இத எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அண்ணே?”

“சக்கரத்தக் கொண்டு வரப்பிடாதுண்ணு நீங்கதானே சொன்னிய? நான் கொண்டு வரல்ல.”

“செரி, இத உரிச்சு எடுத்திரலாம்” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “அதுக்கு இப்பமே பிளேட எடுத்திட்டு வந்து மீசைய எடுத்திரு. முதல்ல ஒருக்கா ஓட்டிப் பாரு மக்கா. பிறகு பேசு.”

காய்ந்தபின் மாட்டி, மீட்டரையும் செருகி, முற்றத்தில் மெதுவாக ஓட்டினேன். கரண்ட் எங்கள் மாடியில் காட்டினதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. உடனே கையை எடுத்தேன். ஆனால் அதற்குள் வண்டி மாட்டுத்தொழுவத்தின் பக்கம் ஒரு வளைவு திரும்பிவிட்டிருந்தது. அதை நான் பார்த்துவிட்டேன். செம்மண்ணில் வளைவு என்றால் எந்த வண்டியும் பின்பக்கம் இழுத்துக்கொண்டு வழுக்கும். இது வழுக்கவில்லை. இத்தனை வருடத்தில் எந்த வண்டியும் அப்படித் திரும்பி நான் கண்டதில்லை.

சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். “கழத்து. கடைச் சக்கரத்த மாட்டிக் கொடு. அது நமக்குத் தெரிஞ்ச கணக்கு” என்றார்.

அவர் சொன்னது சரிதான். கடைச் சக்கரத்தோடு ஓடினால் கன்ட்ரோலர் கருகாது. என் பெஞ்ச் தப்பித்துவிடும். ஆனால் ஐசக் அண்ணனின் வண்டி மற்ற வண்டிகளைப் போல வளைவில் வழுக்கும், கிறிஸ்துதாஸின் கை தேர்ந்த கை, மீசை போய்விடும். மாறாக இந்தப் பூதச் சக்கரத்தோடு ஓடினால் மீசைக்கு ஒரு வழி உண்டு, பெஞ்சுக்குத்தான் ஆபத்து. ஐசக் அண்ணன் ஒரு ஓரமாக நின்று, பிடிமானமில்லாமல் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“சார், இந்தச் சக்கரத்துக்கே பொருத்தமா பூட்டிப் பாக்கட்டுமா?”

“கருகிச்சுண்ணா?”

“நான் முன்னால போய் பொம்மை விக்கிறேன்.”

போனை வைத்துவிட்டார். சம்மதமா கோபமா என்று தெரியவில்லை. நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பினியனில் மூன்று பல் குறைத்துப் போட்டு ஓட்டினேன். கன்ட்ரோலரில் விரல் வைக்க முடியவில்லை. நான்கு குறைத்தேன். கிளப்பும்போது மோட்டார் பாய்ந்து கடிக்காதபடி கன்ட்ரோலரின் செட்டிங்கைத் தணித்தேன். காற்று படும்படி கன்ட்ரோலரை முன்பக்கம் நகர்த்தி வைத்தேன். பந்தல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். சாயங்காலம் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட வந்த கூட்டமும் நின்று பார்த்தது. கடைசியில் விரல் வைத்தேன். சுட்டது. ஆனால் வைத்திருக்க முடிந்தது.

“இது பாஸஞ்சர் ரயில் மாதிரி போவுதே மக்கா” என்று ஐசக் அண்ணன் குறைப்பட்டார்.

“நேர்ல பாஸஞ்சர், வளைவுல எக்ஸ்பிரஸாக்கும் அண்ணே. ஒண்ணு மட்டும் கேளுங்க. சனிக்கிழமை வரை அந்தச் சக்கரத்துல இனி ஒரு சொட்டுப் பால் படப்பிடாது.”

“அரைப் பூச்சு?”

“படப்பிடாது!”

சனிக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். பார்பர் மணி ஒரு நாற்காலியும் துண்டும் பிளேடும் கொண்டுவந்து மரத்தடியில் கடை விரித்திருந்தார். சார் ஸ்கூட்டரில் வந்து, தனியாக ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். முந்தின ராத்திரி பொம்மைகளெல்லாம் கண்ணைத் திறந்து திறந்து மூடுவதாகக் கனவு கண்டிருந்தேன்.

கொடி இறங்கியது. நேர்ப்பாதையில் கிறிஸ்துதாஸின் வண்டி சீறிக்கொண்டு முன்னால் போனது. கூட்டம் கத்தியது. முதல் வளைவில் அது பின்பக்கம் வீசித் திரும்பும் நேரத்துக்குள் எங்கள் வண்டி உள்பக்கமாக ஒட்டிக்கொண்டு வந்து பாதி தூரத்தைப் பிடித்துவிட்டது. மறுபடி நேர்ப்பாதை, மறுபடி அவர். மறுபடி வளைவு, மறுபடி நாங்கள். ஐந்தாம் சுற்று வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஐசக் அண்ணன் ரிமோட்டைப் பிடித்தபடி மூச்சு விடுவதையே மறந்திருந்தார்.

கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் யாரோ, “பொகை! பொகை!” என்று கத்தினார்கள். எங்கள் வண்டிக்குப் பின்னால் ஏதோ எழும்பியது. சார் கல்லிலிருந்து எழுந்துவிட்டார். காற்று அதை எங்கள் பக்கம் கொண்டுவந்தது. மோந்து பார்த்தேன். செம்மண் தூசி. வெறும் தூசி. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

கடைசி வளைவு. கிறிஸ்துதாஸ் முன்னால்தான் இருந்தார். அத்தானை இனி விடக்கூடாது என்ற வேகத்தில் முழுசாக அழுத்திவிட்டார். வண்டி வழுக்கி, ஓரத்தில் குவித்திருந்த மரச்சீனிக் கம்புகளுக்குள் மூக்கை விட்டது. அவர் பின்னால் எடுத்துத் திருப்புவதற்குள் எங்கள் பாஸஞ்சர் ரயில் சாவகாசமாகக் கோட்டைத் தாண்டியது.

ஐசக் அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. ஆனால் நான் வண்டியிடம் ஓடினேன். எனக்கு முன்னால் சார் அங்கே இருந்தார். வெள்ளை வேட்டியோடு செம்மண்ணில் மண்டியிட்டு, மேல்மூடியைக் கழற்றி, கன்ட்ரோலரின் மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை. வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மதி.”

மரத்தடியில் கிறிஸ்துதாஸ் ஆண்பிள்ளையாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். “அத்தான், சிரிச்சு முடிச்சிட்டா சொல்லுங்க, தொடங்கட்டும்” என்றார். மணி சோப்பு போட்டு, இரண்டு இழுப்பில் வேலையை முடித்தார். மீசை போன முகத்தைப் பார்த்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஐசக் அண்ணன் தன் மீசையை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முறுக்கினார்.

அப்போதுதான் லீலா அக்கா வந்தார். யாரோ போய்ச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு புருஷனின் முகத்தைப் பார்த்தார்.

“வியாழக்கிழமை பொண்ணுக்கு இவன் தாய்மாமன். எனக்க தம்பி மொட்ட மூஞ்சியா ஒரு பக்கம், நீங்க மீசைய முறுக்கிட்டு மறுபக்கம். போட்டோவுல எனக்க குடும்பத்துக்கு மட்டும் கொறச்சல், இல்லியா?” நாற்காலியைக் கை காட்டினார். “இரியுங்க.”

“லீலா, நான் செயிச்சவனாக்கும்!”

“செயிச்சவருதானே? தைரியமா இரியுங்க.”

ஐசக் அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். ஓணத்திலிருந்து பால் பூசிப் பூசிக் காப்பாற்றின மீசை. கிறிஸ்துதாஸ் எழுந்து, துண்டால் நாற்காலியைத் தட்டிவிட்டு, மிகுந்த மரியாதையோடு, “வாருங்க அத்தான்” என்றார். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

சாருக்கும் மீசை உண்டு என்று நான் இதுவரை சொல்லவில்லை. சொல்ல அவசியம் வரவில்லை. நல்ல கறுத்த மீசை. லீலா அக்காவின் கண் இப்போது அதன்மேல் விழுந்தது.

“சாரே, ஒங்க கடை வண்டியாலதானே இவ்வளவும்? நீங்களும் கல்யாணத்துக்கு வாறியதானே?”

மணி பிளேடைத் துண்டில் துடைத்தார். சார் ஒரு எட்டு பின்னால் வைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரைப் பார்த்து ஓடினார். கூட்டம் ஊளையிட்டது. மூன்றாவது மிதியில்தான் ஸ்கூட்டர் கிளம்பியது. வளைவில் திரும்பும்போது அவர் என்னைப் பார்த்துக் கத்தினார்:

“ஸ்டெல்லா! திங்கக்கிழமை பெஞ்சுல நாலு வண்டி உண்டு! எல்லாரையும் சக்கரத்தோட வரச் சொல்லியாச்சு!”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்ல வேளை, எல்லோரும் ஐசக் அண்ணனின் மேலுதட்டில் சோப்பு நுரை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.